பழைய கணினிக்குப் புதிய வன்பொருள்: எந்த வழியில் போவது?

1982 இல் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி வெளிவந்தபோது, நிரல் எழுதுவோருக்கென்று அதைச் செய்த கமடோர் நிறுவனம் ஒரு தடித்த கையேட்டையும் வெளியிட்டது. அதன் கடைசியில் மடித்து வைத்த பெரிய தாள் ஒன்று இருக்கும். விரித்தால் கணினியின் சர்க்யூட் வரைபடம்: எந்த சிப்பின் எந்தக் கால் எங்கே போய்ச் சேருகிறது என்பது வரை. இயந்திரத்தை வாங்கியவர் கையிலேயே அதன் உள்ளமைப்பையும் கொடுத்துவிட்ட காலம் அது. கமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. தாள் மிஞ்சியது. இன்று அந்தக் கணினிக்குப் புதிய போர்டு, புதிய ஒலி சிப் என்று யாராவது செய்ய முடிகிறது என்றால், அதற்கு அந்த வரைபடமும் ஒரு காரணம்.

பழைய வீட்டுக் கணினியைப் பரணிலிருந்து இறக்கியவர்களும், சிறுவயதில் தொட்ட விசைப்பலகையை மறுபடி தொட ஏங்குகிறவர்களும் இன்று எதை எடுப்பது என்று திகைத்து நிற்கிறார்கள். செத்துப்போன சிப்புக்கு மாற்று, ஃபிளாப்பி டிரைவுக்கு மாற்று, செயலியைப் பல நூறு மடங்கு விரைவாக்கும் போர்டு, கணினி முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கிய பெட்டி, பழையதன் சாயலில் அடியோடு புதிதாக வடிவமைத்த கணினி. எல்லாவற்றையும் வாங்க யாராலும் முடியாது, வாங்கவும் வேண்டாம். இவற்றை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: செய்தவர் நாளை விலகிக்கொண்டால், இதை வேறொருவரால் பழுதுபார்க்கவோ மறுபடி செய்யவோ முடியுமா? வேகம், படத் தெளிவு, பெட்டியின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சிறிய சேமிப்பு அட்டை. தனியாள் ஒருவர் செய்து விற்றது. நன்றாகவே இருந்தது, ஆனால் கோப்புகளை எழுதும்போது சில வேளை பாதியில் நின்றுவிடும். எழுதிக் கேட்டேன். திருத்தம் வரும் என்றார். பிறகு அவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். வரைபடம் இல்லை, மூலநிரலும் இல்லை. நாற்பது வயதுக் கணினியை என்னால் சரிசெய்ய முடிந்தது. அதில் செருகிய நான்கு வயது அட்டையை முடியவில்லை.

முதலில் பவர் சப்ளை

உண்மையான பழைய இயந்திரம் கையில் இருந்தால், வேகமூட்டும் போர்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். கமடோர் 64 உடன் வந்த பவர் சப்ளை, உள்ளே பிசின் ஊற்றி மூடிய ஒரு கனத்த கட்டி. அது 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தரும். முதுமையில் அதன் 5 வோல்ட் சீராக்கி பழுதாகும்போது வெளிவரும் மின்னழுத்தம் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறிய மின்னழுத்தம் நேராக நினைவக சிப்களைக் கொல்கிறது. பழைய கட்டியை அப்படியே செருகிப் பார்ப்பது, ஆழம் தெரியாமல் காலை விடும் வேலை. புதிதாகச் செய்த பவர் சப்ளை ஒன்றை வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பயனுள்ள செலவு.

பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் மேலுறை வெடித்துப் புகைவதில் பெயர்பெற்றவை, மாற்றுவது எளிது. கமடோரின் பின்னாளைய கணினியான அமிகாவில் கவலை வேறு. 600, 1200, 4000 மாடல்களின் போர்டில் ஒட்டியிருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் கசிகின்றன. 2000, 3000, 4000, 500 பிளஸ் ஆகியவற்றில் கடிகாரத்துக்காக வைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து போர்டின் செப்புத் தடங்களையே தின்றுவிடுகிறது. அந்தப் பேட்டரி இன்னும் இருந்தால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் வெட்டி எடுங்கள்.

மின்சாரம் சரியானதும் அடுத்தது சேமிப்பு. இங்கேதான் மனத்துக்கு நிறைவான புதிய வன்பொருள் மிகுதியாக இருக்கிறது.

கமடோரின் 1541 டிரைவ் ஒரு ஃபிளாப்பியில் 170 கிலோபைட் வைக்கும். ஆனால் படிக்கும் வேகம் நொடிக்குச் சில நூறு பைட்டுகள்தான். ஒரு பெரிய விளையாட்டு ஏற 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த டிரைவுக்குள்ளேயே ஒரு 6502 செயலி உண்டு, அதாவது அது தனியே ஒரு கணினி. அன்றைய நிரலாளர்கள் இதைப் பயன்படுத்தி, டிரைவுக்குள் தங்கள் சொந்த நிரலை அனுப்பி, மெதுவான பழைய முறையை ஒதுக்கிவிட்டு விரைவாக ஏற்றினார்கள். இன்று மாற்று வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்டி2ஐஇசி வகை அட்டைகள் டிரைவின் கட்டளைகளை மட்டும் புரிந்துகொள்கின்றன. மலிவு, எளிமை, ஒரே கோப்பாக ஏறும் நிரல்களுக்குப் போதும். சொந்த ஏற்றிகளோடு வரும் விளையாட்டுகளில் பல அவற்றில் ஓடாது. பை1541 என்பது ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினி ஒன்றை வைத்து டிரைவின் செயலியையும் சேர்த்தே நடிக்கிறது. அல்டிமேட் வகைக் கார்ட்ரிட்ஜும் அப்படித்தான். ஆகவே விளையாட்டுகளுக்காக வாங்குபவர் முதல் வகையில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அமிகாவுக்கு இந்த முடிவு எளிது. கோடெக் என்னும் ஃபிளாப்பி மாற்றியில் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் நிரலை) ஏற்றினால், 880 கிலோபைட் ஃபிளாப்பிகள் நூற்றுக்கணக்கில் ஒரு யுஎஸ்பி குச்சிக்குள் அடங்கிவிடும். கோடெக் இந்தக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. தொழிற்சாலை இயந்திரங்களின் ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக வந்தது. ஆர்வலர்கள் அதன் ஃபர்ம்வேரை மாற்றி எழுதித் தமதாக்கிக்கொண்டார்கள்.

எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்தது ஃபூஜிநெட். அடாரி 8 பிட் கணினிகளின் தொடர் இணைப்பில் செருகும் சிறு பெட்டி. இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பை வைத்துச் செய்தது. கணினியின் பார்வையில் அது ஃபிளாப்பி டிரைவாகவும் அச்சுப்பொறியாகவும் மோடமாகவும் நடிக்கிறது, வைஃபை வழியே வலையமைப்பையும் கொடுக்கிறது. வரைபடமும் நிரலும் திறந்தே இருப்பதால், அடாரிக்கென்று பிறந்தது ஆப்பிள் 2 போன்ற வேறு இயந்திரங்களுக்கும் போய்விட்டது. என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

செத்த சிப்புக்கு என்ன செய்வது

கமடோர் 64 இன் சிட் ஒலி சிப்பை வடிவமைத்தவர் பாப் யானஸ். பின்னாளில் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 6581 என்ற எண் கொண்ட முதல் வகையில் ஒரு குறை இருந்தது: ஒலி அளவை மாற்றும்போதெல்லாம் ஒரு "டிக்" சத்தம் கேட்கும். நிரலாளர்கள் அந்தக் குறையையே கருவியாக்கினார்கள். ஒலி அளவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றி, அந்த டிக்குகளைக் கோத்து, பேச்சையும் மத்தள ஒலியையும் வரவழைத்தார்கள். பின்னால் வந்த 8580 இல் குறை திருத்தப்பட்டது. அந்தப் பேச்சும் மத்தளமும் காதுக்கு எட்டாத அளவுக்கு மங்கிவிட்டன. போதாதற்கு, 6581 இன் வடிகட்டி சிப்புக்கு சிப் வேறுபடும். ஒரே பாடல் இரண்டு வீட்டில் இரண்டு விதமாகக் கேட்டது உண்மை.

ஆகவே "அசல் போல ஒலிக்கும் மாற்று எது?" என்று கேட்பவரிடம், எந்த அசல் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்விண்சிட் எளிய மாற்று. வடிகட்டி ஒலியில் காது பழகியவர் வேறுபாட்டை உடனே கண்டுபிடிப்பார். ஆர்ம்சிட் இரண்டு வகையாகவும் நடிக்கும். பெரும்பாலோர்க்கு இதுவே போதும் என்பது என் கருத்து. எஃப்பிஜிஏசிட் இன்னும் நுட்பமானது. இசைக்காகவே அந்தக் கணினியை வைத்திருப்பவர் அதை எடுக்கலாம். பழைய அசல் சிட்டைத் தேடி வாங்கும் வழியும் இருக்கிறது. ஆனால் வேறு சிப்பின் மேல் எண்ணை அழித்து 6581 என்று அச்சிட்டு விற்பது மிகுந்துவிட்டது. ஓடும் கணினியில் செருகிக் காட்டாத அசலை நான் வாங்குவதில்லை.

படத்துக்கான விக்2 சிப்புக்கும் இன்று மாற்று உண்டு. கவாரி என்ற பெயரில் வந்த அதன் வடிவம் முழுதும் திறந்தது. டிஜிட்டல் திரைக்கு நேராகவே படம் தரும் வகையும் அதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை விக்2 செத்தால் இன்னொரு கமடோரைக் கொன்றுதான் இதைப் பிழைக்க வைக்க முடிந்தது. அந்த நிலை மாறியதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது.

செயலிகளின் கதை இருவேறு. 1975 இல் 25 டாலருக்கு வந்து உலகையே திருப்பிப்போட்ட 6502 இன் வழித்தோன்றலை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மென்ஷின் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் விற்கிறது. மறுபக்கம், 1976 இல் வந்த இசட்80 செயலியை, அதைச் செய்த ஸைலாக் நிறுவனம் 2024 இல் நிறுத்துவதாக அறிவித்து, கடைசி ஆர்டர்களை அந்த ஆண்டு ஜூனோடு முடித்துக்கொண்டது. அந்தச் செயலியில் ஓடும் சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினியை வைத்திருப்பவர் பதற வேண்டாம்: கோடிக்கணக்கில் செய்யப்பட்ட சிப் அது, எளிதில் சாகாது. ஒன்றை வாங்கி உறையோடு வைத்துக்கொண்டால் உங்கள் காலத்துக்குப் போதும்.

வேகமூட்டும் போர்டுகள்

1987 இல் வந்த அமிகா 500 இன் 68000 செயலி சுமார் 7 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பைஸ்டார்ம் என்ற சிறு போர்டை அந்தச் செயலியின் இடத்தில் செருகி, அதன் மேல் ஒரு ராஸ்பெர்ரி பையை உட்காரவைத்தால், எமு68 என்ற நிரல் 68000 குடும்பத்துக் கட்டளைகளை உடனுக்குடன் மொழிபெயர்த்துப் பல நூறு மடங்கு விரைவில் ஓட்டும். ஒரு காலத்தில் கனவுகூடக் காண முடியாத வேகம். அதையும் திறந்த மூலமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஆனாலும் இதை முதலில் வாங்க நான் சொல்ல மாட்டேன். அமிகாவின் படத்தையும் ஒலியையும் தரும் தனி சிப்கள் பழைய வேகத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்காக எழுதிய விளையாட்டுகள் இதனால் அழகாவதில்லை, சில தடுமாறுகின்றன. ஓவியம், முப்பரிமாணக் கணக்கு, கோப்பு சுருக்குதல் போன்ற வேலைகளைச் செய்பவருக்குத்தான் இது வரம். படமும் பையின் எச்டிஎம்ஐ வழியே வரத் தொடங்கிவிட்டால், பழைய கணினிக்கு மிஞ்சும் வேலை விசைப்பலகையும் பெட்டியும் மட்டும்தான். அது தவறில்லை, ஆனால் எதை விரும்பி வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வாம்பயர் போர்டுகள் இதே வேலையை எஃப்பிஜிஏவுக்குள் (உள்ளிணைப்புகளை மாற்றி அமைக்கக்கூடிய சிப், கீழே விளக்குகிறேன்) எழுதிய 68080 என்ற புதிய செயலியால் செய்கின்றன. 68000 ஐச் செய்த மோட்டரோலா ஒருபோதும் செய்யாத செயலி. 68000 குடும்பம் தொடர்ந்திருந்தால் எப்படி வளர்ந்திருக்கும் என்ற கற்பனைக்குக் கிடைத்த உருவம். பொறியியலாக அதை வியக்கிறேன். ஆனால் அதன் உள்வடிவம் மூடியது. என் அளவுகோலில் அங்கேயே அது பின்னுக்குப் போய்விடுகிறது.

பிபிசி மைக்ரோ வைத்திருப்பவர்க்கு இந்தப் பகுதியில் தனி மகிழ்ச்சி. அந்தக் கணினிக்கு இரண்டாவது செயலியைச் செருக ட்யூப் என்ற வாசலை 1981 இலேயே ஏகார்ன் வைத்துவிட்டது. பைட்யூப்டைரக்ட் என்ற திட்டம் அந்த வாசலில் ராஸ்பெர்ரி பையை மாட்டுகிறது. எதையும் பிடுங்க வேண்டாம், வடிவமைத்தவர்கள் நினைத்த வழியிலேயே இயந்திரம் வளர்கிறது. வேகமூட்டும் வழிகளில் மனத்தில் துளியும் நெருடல் இல்லாமல் நான் பரிந்துரைப்பது இதை ஒன்றைத்தான்.

எஃப்பிஜிஏ பெட்டிகள்

பழைய இயந்திரம் கையில் இல்லாதவர்களின் பெரிய நம்பிக்கை இங்கே இருக்கிறது. எஃப்பிஜிஏ என்பது உள்ளிணைப்புகளை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப். எமுலேட்டர் பழைய கணினியின் வேலைகளை ஒவ்வொன்றாக மென்பொருளில் கணக்கிடுகிறது. எஃப்பிஜிஏவில் செயலி, பட சிப், ஒலி சிப் எல்லாம் பழைய இயந்திரத்தில் இருந்தது போலவே ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஐரோப்பிய கமடோர் 64 ஒரு படத்துக்கு 312 வரிகளை, வரிக்கு 63 கடிகாரத் துடிப்புகளில் வரைந்தது. அந்தத் துடிப்புகளை எண்ணி எழுதிய நிரல்கள் ஏராளம். அப்படிப்பட்ட துல்லியம் எஃப்பிஜிஏவுக்கு இயல்பாக வரும். விசையை அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் உள்ள தாமதமும் குறையும்.

ஒரு எச்சரிக்கை: எஃப்பிஜிஏ என்ற சொல் மட்டும் துல்லியத்துக்கு உறுதி ஆகாது. உள்ளே வடிவத்தை எழுதியவர் பழைய சிப்பை எவ்வளவு புரிந்துகொண்டாரோ அவ்வளவுதான் துல்லியம்.

இந்த வகையில் மூன்று பாதைகள். மிஸ்டர் என்ற திட்டம் 2017 இல் தொடங்கியது. டிஇ10 நானோ என்ற கல்விப் போர்டை அடித்தளமாகக் கொண்டது. இன்று காலை கமடோர், மாலை ஸ்பெக்ட்ரம், நாளை அமிகா என்று வடிவங்களை மாற்றி ஏற்றிக்கொள்ளலாம். அதன் அமிகா வடிவத்தின் வரலாறு என் வாதத்துக்குச் சிறந்த சான்று. டென்னிஸ் வான் வீரன் என்ற நெதர்லாந்துப் பொறியாளர் தனியொருவராக மினிமிக் என்ற பெயரில் அமிகாவை எஃப்பிஜிஏவில் எழுதி, 2007 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். பிறர் அதை எடுத்து மிஸ்ட் என்ற போர்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மிஸ்டருக்கு. முதல் மினிமிக் போர்டு இன்று யார் கையிலும் இல்லாவிட்டாலும் அந்த உழைப்பு சாகாது.

மெகா65 வேறு மாதிரி. கமடோர் செய்து முடிக்காமல் கைவிட்ட 65 என்ற கணினியை, உண்மையான விசைப்பலகை, ஃபிளாப்பி டிரைவ், தடித்த கையேடு எல்லாவற்றோடும் முழுமையாக்கி 2022 இல் தந்தார்கள். திறந்த வடிவம். ஒரே கணினியோடு நீண்ட நாள் வாழ்ந்து நிரல் எழுத விரும்புகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். விளையாட மட்டும் என்றால் வேண்டாம்.

மூன்றாவது, கமடோர் பெயரை வாங்கிய புதிய குழு 2025 இல் அறிவித்த கமடோர் 64 அல்டிமேட். கிடியன் ஸ்வைட்சர் உருவாக்கிய அல்டிமேட் 64 போர்டுதான் இதன் அடிப்படை. பழைய கார்ட்ரிட்ஜையும் டிரைவையும் மாட்டலாம். அந்த போர்டில் அசல் சிட் சிப்பைச் செருகவும் இடம் உண்டு. கமடோர் 64 மட்டும்தான் வேண்டும், பழுதுபார்க்கும் பொறுமை இல்லை என்பவர்க்கு இதுவே நேர் வழி.

எமுலேட்டரை ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கும் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் வந்த தி சி64 மினியில் விசைப்பலகை வெறும் அலங்காரம்; 2019 இல் வந்த முழு அளவுப் பெட்டியில் அது உண்மையாகவே வேலை செய்கிறது. கார்ட்ரிட்ஜ் வாசல் இல்லை. குழந்தைகளோடு விளையாட நல்லது. நமக்கு இந்த ஆசை நீடிக்குமா என்று சோதிக்க, ஏற்கெனவே இருக்கும் கணினியில் இலவச எமுலேட்டரை ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது.

அடியோடு புதியவை, இன்னும் வராதவை

கமாண்டர் எக்ஸ்16, யூடியூபில் எய்ட் பிட் கை என்று அறியப்பட்ட டேவிட் மரேயின் கனவு: இன்றும் கடையில் கிடைக்கும் சிப்களால் ஒரு 8 பிட் கணினி. செயலி 8 மெகாஹெர்ட்ஸ் 65சி02, ஒலிக்கு யமஹாவின் ஒய்எம்2151. படத்துக்குத்தான் ஏற்ற சிப் இன்று யாரும் செய்வதில்லை. அங்கே எஃப்பிஜிஏ வந்தே தீரவேண்டியதாயிற்று. இசட்80 ரசிகர்களுக்கு ஏகான் லைட் இருக்கிறது: 18.432 மெகாஹெர்ட்ஸ் இஇசட்80 செயலி, படத்துக்கு இஎஸ்பி32, திறந்த வடிவம். இவற்றில் பழைய விளையாட்டுகள் ஓடா. ஆனால் ஒரு கணினியை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பழைய ஆசை இங்கேதான் நேராக நிறைவேறுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு வாங்குவதென்றால் என் தேர்வு ஏகான்.

முன்பணம் கட்டிக் காத்திருக்கும் வழிக்கு ஸ்பெக்ட்ரம் இரு முகம் காட்டியிருக்கிறது. ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் 2017 இல் நிதி திரட்டியது. 2018 தொடக்கத்தில் தருவதாகச் சொன்னது 2020 இல்தான் வந்தது. முதல் ஸ்பெக்ட்ரத்தின் உருவத்தை வரைந்த ரிக் டிக்கின்சனே இதற்கும் பெட்டி வடிவமைத்தார். அது மக்கள் கைக்கு வருவதைப் பார்க்காமல் 2018 இல் மறைந்தார். ஆனால் வந்த பொருள் அருமையானது. வேகா பிளஸ் என்ற கைக்கணினி 2016 இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. மிகச் சிலருக்கே பொருள் போய்ச் சேர்ந்தது, நிறுவனம் 2019 இல் கலைக்கப்பட்டது. தாமதத்தைப் பொறுக்கலாம். வேலை நடப்பதற்கான சான்றை, அதாவது ஓடும் போர்டையும் வெளியிட்ட வரைபடத்தையும், காட்டாதவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

இத்தனை வழிகளுக்கு இடையே ஒரு நம்பிக்கைக்கு மட்டும் விற்பனையில் பதில் இல்லை: பழைய தொலைக்காட்சிகளில் இருந்த குழாய்த் திரை. அதைப் புதிதாகச் செய்யும் தொழில் மறைந்துவிட்டது. ஒளிப்பேனாவும் ஒளித்துப்பாக்கியும் தட்டைத் திரையில் வேலை செய்யா. நொடிக்கு 50 படங்கள் தரும் கணினியை 60 மட்டுமே ஏற்கும் திரையில் மாட்டினால் நகரும் காட்சி திக்கித் திக்கிப் போகும். எச்டிஎம்ஐ மாற்றி வாங்குமுன் உங்கள் திரை 50 ஐ ஏற்கிறதா என்று பாருங்கள். யாராவது ஓடுகிற சிறிய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றைக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், மற்ற எல்லா வாங்குதலையும் தள்ளிவைத்துவிட்டுப் போய் அதைத் தூக்கி வந்துவிடுங்கள்.